காற்றுக்கும் சேர்த்து விலை

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்துக்குப் பணம் கொடுத்தது நிலக்கரி. 1666-ல் நகரம் தீப்பற்றி எரிந்தபின் கட்டவேண்டியவை ஏராளம் இருந்தன, கையில் காசு இல்லை. கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சால்ட்ரன் நிலக்கரிக்கும் ஒரு ஷில்லிங் என்று 1667-ல் பாராளுமன்றம் வரி விதித்தது. 1670-ல் அது மூன்று ஷில்லிங் ஆனது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் கல்லும் சுண்ணாம்பும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்தவைதான். ருசி கண்டவர்கள் 1711-ல் இன்னும் ஐம்பது தேவாலயங்கள் கட்டுவோம் என்று அதே நிலக்கரியின் தலையில் மறுபடி கைவைத்தார்கள். ஐம்பதில் ஏறக்குறைய ஒரு டஜன்தான் எழும்பின.

சரி, ஒரு சால்ட்ரன் என்றால் எவ்வளவு? இதற்கு ஒரே பதில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

லண்டனில் ஒரு சால்ட்ரன் என்பது 36 புஷல். புஷல் என்பது படி, மரக்கால் போல முகத்தலளவை. தராசுக்கு அங்கே இடமில்லை. 3 புஷல் ஒரு சாக்கு, 12 சாக்கு ஒரு சால்ட்ரன். கப்பலிலிருந்து அளந்து இறக்க, 9 புஷல் பிடிக்கும் ‘வேட்’ என்ற பெரிய தொட்டி இருந்தது. மொத்த வியாபாரி 20 சால்ட்ரன் வாங்கினால் 21-ஆவது கொசுறு. அந்தக் கொசுறுக்கு ‘இன்கிரெயின்’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க நகராட்சி நியமித்த, சத்தியப்பிரமாணம் செய்த அளவைக்காரர்கள் ஒவ்வொரு கப்பலிலும் ஏறி நின்றார்கள்.

36 புஷலையும் சட்டப்படி குவித்து அளந்தால் சுமார் 58⅔ கன அடி வரும். வியாபாரிகள் கணக்கில் அதன் எடை சுமார் 25½ அந்தர். அந்தர் என்பது 112 ராத்தல் கொண்ட ஆங்கில எடை, இலங்கைச் சந்தைகளில் நெடுங்காலம் புழங்கியது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 1,300. உடைக்காத நிலக்கரிப் பாறையாக இருந்தால் அதே இடத்தில் 2,100 கிலோவுக்கு மேல் அடங்கும். வகுத்துப் பார்த்தால் லண்டன்வாசி வாங்கிய சால்ட்ரனில் ஐந்தில் மூன்று பங்குதான் நிலக்கரி. மீதி இரண்டு பங்கு காற்று. அந்தக் காற்றுக்கும் விலை உண்டு, கூலி உண்டு, செயின்ட் பாலுக்கான வரியும் உண்டு.

சட்டம் எழுதியவர்கள் அப்பாவிகள் அல்ல. அளவுப் பாத்திரத்தில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆன் அரசி காலத்தில், 1713-ல் வந்த சட்டம் நிலக்கரிப் புஷலை இப்படி வரையறுத்தது: வட்டமாக இருக்கவேண்டும், அடிப்பாகம் சமதளமாக இருக்கவேண்டும், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குக் குறுக்களவு 19½ அங்குலம், கொள்ளளவு ஒரு வின்செஸ்டர் புஷலும் மேற்கொண்டு ஒரு குவார்ட் தண்ணீரும். அதன்மேல் கூம்பாகக் குவிக்கவேண்டும். கூம்பு குறைந்தது 6 அங்குல உயரம் இருக்கவேண்டும், அதன் அடி பாத்திரத்தின் வெளிவிளிம்பைத் தொடவேண்டும் என்று 1824-ன் அளவைச் சட்டம் சொன்னது.

பாத்திரத்தின் கொள்ளளவைச் சொன்னால் போதாதா, குறுக்களவை ஏன் அரை அங்குலம் வரை பிடித்துக்கொண்டு தொங்கவேண்டும்? இங்கேதான் வடிவியல் வருகிறது. கொட்டிய எந்தப் பொருளும் ஒரு சாய்வுக்கு மேல் நிற்காமல் சரியும். அந்தச் சாய்வு பொருளின் குணம், பாத்திரத்தின் குணமல்ல. ஆகவே வாய் அகன்றால் குவியலும் அதே விகிதத்தில் உயரும். கூம்பின் கன அளவு குறுக்களவின் மும்மடியில் வளரும். வாயைப் பத்தில் ஒரு பங்கு அகலமாக்கினால் மேலே நிற்கும் குவியல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பாத்திரத்தின் கொள்ளளவைத் தொடாமலே, ஆழத்தைக் குறைத்து வாயை மாற்றி, வாங்குபவரையோ விற்பவரையோ ஏமாற்றலாம். 19½ அங்குலம் என்பது அதற்குப் போட்ட பூட்டு.

அந்தக் கூம்பு சின்ன விஷயமும் அல்ல. 19½ அங்குல அடியும் 6 அங்குல உயரமும் கொண்ட கூம்பின் கன அளவு சுமார் 597 கன அங்குலம். பாத்திரம் பிடிப்பது 2,217. தலைதட்டி அளந்தால் கிடைப்பதைவிட கால் பங்குக்கு மேல் கூடுதல். கூம்பின் சாய்வு 32 பாகைக்குச் சற்றுக் குறைவு. கரித் துண்டுகள் சரியாமல் நிற்கக்கூடிய சாய்வுக்குள்தான் இது வருகிறது. சட்டம் இயற்கையிடம் முடியாததைக் கேட்கவில்லை. ஆனால் சாய்வு நிலைக்க அளப்பவரின் மனம் வேண்டும். மண்வாரியை மெதுவாகச் சாய்ப்பவர் ஒரு கூம்பு கட்டுவார், வீசிக் கொட்டுபவர் வேறொரு கூம்பு கட்டுவார்.

லண்டனில் இந்த நாடகம் நடந்துகொண்டிருக்க, நிலக்கரி புறப்பட்ட இடமான நியூகாசிலில் இதைவிடப் பெரிய கூத்து. அங்கேயும் சால்ட்ரன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது லண்டன் சால்ட்ரனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை. பிறந்ததும் அப்படிப் பிறக்கவில்லை, வளர்ந்தது. 14-ஆம் நூற்றாண்டில் நியூகாசில் சால்ட்ரன் சுமார் 2,000 ராத்தல் எடை என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். 1695-ல் சட்டம் அதை 53 அந்தரில், அதாவது 5,936 ராத்தலில் நிறுத்தியபோது அது ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது.

வளரக் காரணம் வரி. அரசன் சால்ட்ரனுக்கு இவ்வளவு என்று வாங்கினான். சால்ட்ரன் பெரிதானால் டன்னுக்கு விழும் வரி குறையும். இங்கே வேடிக்கை என்னவென்றால், அளவு பெருத்ததை எதிர்த்து முறையிட யாருக்கும் அக்கறையில்லை. விற்பவர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் வாங்கும் கப்பல்காரருக்குச் சந்தோஷம். வரி மிச்சமாவதில் இருவருக்கும் பங்கு. நஷ்டம் அரசனுக்கு. இன்னொருவருக்கும் நஷ்டம் இருந்தது, அவரிடம் பிறகு வருகிறேன்.

1421-ல் ஐந்தாம் ஹென்றியின் பாராளுமன்றம் இதைக் கண்டுபிடித்துக் கொதித்தது. டைன் நதியில் நிலக்கரி ஏற்றிப்போகும் ‘கீல்’ என்ற தட்டைப் படகு 20 சால்ட்ரன் பிடிக்கவேண்டியது. ஆனால் 22, 23 சால்ட்ரன் பிடிக்குமாறு படகுகளைக் கட்டி, வரியை 20-க்கே கட்டுகிறார்கள் என்று சட்டமே புலம்புகிறது. இனிமேல் அதிகாரிகள் படகை அளந்து குறியிடவேண்டும், குறியில்லாத படகு பறிமுதல். படகுக்குக் காவல் போட்டார்கள், சால்ட்ரனுக்குப் போட மறந்தார்கள். 1700 வாக்கில் அதே நதியில் ஒரு கீல் என்பது 8 சால்ட்ரன். படகு சுருங்கிவிடவில்லை. பழைய கணக்கில் 20 சால்ட்ரன் 18 டன்னுக்கு அருகில் வரும், புதிய கணக்கில் 8 சால்ட்ரன் 21 டன் 4 அந்தர். படகு ஏறக்குறைய அப்படியே நிற்க, அதை அளந்த அளவைதான் ஊதிப்போனது. நீளத்தை அளக்கப்போன முழக்கோல் வழியில் வளர்ந்துவிட்டது என்றால் நம்புவோமா? நியூகாசிலில் முந்நூறு ஆண்டுகள் நம்பினார்கள், அல்லது நம்புவதுபோல் இருந்தார்கள்.

1695-ன் சட்டம் ஒரு நல்ல பௌதிக உபாயத்தைக் கையாண்டது. நிலக்கரியை அளக்காதே, படகை அளந்துவிடு. ஈயமோ இரும்போ, சால்ட்ரனுக்கு 53 அந்தர் வீதம் எடைக்கட்டிகளைப் படகில் ஏற்றி, அது நீரில் எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து முன்னும் பின்னும் நடுவிலும் அடையாளம் அடித்தார்கள். ஆர்க்கிமிடீஸின் விதிப்படி படகே ஒரு தராசாகிவிட்டது. நிலக்கரி கட்டியா, தூளா, நனைந்ததா என்ற கேள்விகளில் முதல் இரண்டும் காணாமல் போயின. ஆக நியூகாசில் சால்ட்ரன் பெயரளவில் முகத்தலளவை, நடைமுறையில் எடை. லண்டன் சால்ட்ரன் பெயரிலும் நடைமுறையிலும் வெறும் கன அளவு. ஒரே பெயர் கொண்ட இந்த இரண்டுக்கும் நடுவே சில நூறு மைல் கடல் இருந்தது. வியாபாரத்தின் சுவாரசியமெல்லாம் அந்தக் கடலில்தான்.

அதற்குமுன் அந்த இன்னொருவர். நியூகாசிலின் பழைய பாலத்துக்குக் கீழே பெரிய கப்பல்கள் நுழைய முடியாது, மேலாற்றில் ஆழமும் இல்லை. ஆகவே கீல்காரர்கள் படகில் நிலக்கரியைக் கொண்டுபோய், கீழே நிற்கும் கப்பலுக்குள் மண்வாரியால் வாரி வீசவேண்டும். படகின் விளிம்பைவிடக் கப்பலின் விளிம்பு உயரம், கைகளின் பலம்தான் இயந்திரம். கூலி ஒரு நடைக்கு, 8 சால்ட்ரனுக்கு. சுரங்க முதலாளி கப்பல்காரரை மகிழ்விக்கக் குறிக்கு மேல் ஏற்றினால், அந்தக் கூடுதல் கரியை வீசுவதற்குக் காசு கிடையாது. 1750-ல் அவர்கள் வேலையை நிறுத்தியபோது இந்த ‘மேல் அளவு’ முக்கியப் புகார். 1768-லும் அதே புகார். தங்கள் கூலியிலிருந்து ஒரு நடைக்கு ஒரு பென்னி போட்டு, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 1701-ல் அவர்கள் கட்டிய இல்லம் நியூகாசிலில் இன்றும் நிற்கிறது. செயின்ட் பாலைவிட எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

இனிக் கடல். நியூகாசிலில் எடையாக வாங்கி லண்டனில் கன அளவாக விற்றால் என்ன ஆகும்? நிலக்கரி உடையக்கூடியது. சுரங்கத்திலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து படகுக்கு, கப்பலுக்கு, தேம்ஸில் மறுபடி பரிசலுக்கு, சாக்குக்கு என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் நொறுங்கும். நொறுங்கினால் எடை கூடாது, இடம் கூடும்.

எவ்வளவு கூடும் என்று கணக்குச் சொன்னவர் சாமானியர் அல்ல. சார்ல்ஸ் ஹட்டன், 1737-ல் நியூகாசிலில் பிறந்தவர். இளமையில் லாங் பெண்டன் சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டியவர், பிறகு கணித ஆசிரியராகி ராயல் சொசைட்டி உறுப்பினரானவர். ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலை தூக்குநூலை எவ்வளவு இழுக்கிறது என்று 1774-ல் வானியலாளர் நெவில் மாஸ்கலைன் எடுத்த அளவுகளை வைத்து, பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் நாலரை மடங்கு என்று கணித்தவர் இவர்தான். பூமியை நிறுத்துப் பார்த்த அந்த மனிதர் நிலக்கரி பற்றிச் சொன்னது இது: ஒரு கன கஜம் கட்டிநிலக்கரி 5 ‘போல்’ அளவுக்கு அருகில் வரும். அதை நடுத்தரத் துண்டுகளாக உடைத்தால் 7½ போல். மிகச் சிறிதாக நொறுக்கினால் 9 போல். ஆகவே எடைபோட்டு விற்பதே அறிவுடைமை என்று முடித்தார்.

ஐந்து ஒன்பதாவது எப்படி? முதல் தாவல் எளிது. ஒரே அளவுள்ள கோளங்களை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611-ல் கெப்ளர் ஊகித்தார். தாமஸ் ஹேல்ஸ் அதன் நிரூபணத்தை அறிவிக்க 1998 ஆனது. அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதம், குலுக்காவிட்டால் இன்னும் குறைவு. ஹட்டனின் 7½ போலில் நிலக்கரி 67 சதவீதம், 9 போலில் 56 சதவீதம். லண்டன் சால்ட்ரனுக்கு நாம் மேலே போட்ட 60 சதவீதம் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது.

இரண்டாவது தாவல்தான் வினோதம். வடிவியலுக்குத் துண்டின் பருமன் ஒரு பொருட்டே அல்ல. பட்டாணி நிறைந்த அறையிலும் பூசணி நிறைந்த அறையிலும் காற்றின் பங்கு ஒன்றாகவே இருக்கவேண்டும். பின் ஏன் நொறுங்கிய கரி மேலும் உப்புகிறது? பலவித அளவில் துண்டுகள் கலந்திருக்கும்போது சிறியவை பெரியவற்றின் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். எல்லாமே சிறிதாகிவிட்டால் இடுக்கை நிரப்ப ஆளில்லை. இதைவிட முக்கியமானது எடைக்கும் மேற்பரப்புக்குமான போட்டி. துண்டு சிறுக்கச் சிறுக்க எடை மும்மடியில் குறைகிறது, மேற்பரப்பு இருமடியில்தான் குறைகிறது. ஒரு கட்டத்தில் உராய்வும் ஈரத்தின் பிடிப்பும் எடையை மிஞ்சிவிடுகின்றன. துகள்கள் கீழே விழுந்து அடைய மறுத்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சிறுசிறு பாலங்களாக நிற்கின்றன. யூனிட் கணக்கில் மணல் வாங்கும் நம் ஊர் மேஸ்திரிக்கு இது பழைய செய்தி. சில சதவீத ஈரம் ஏறிய மணல் காய்ந்த மணலைவிடக் கால் பங்குவரை அதிக இடம் அடைக்கும், நன்றாக மூழ்கினால் மறுபடி படிந்துவிடும்.

இதனால் வியாபாரத்தின் இரு முனைகளிலும் எதிரெதிர் அக்கறைகள் முளைத்தன. பெரிய கட்டிகளுக்குத்தான் நல்ல விலை என்பதால் நியூகாசிலில் சல்லடைக் கம்பிகளில் சலித்து, பெரியதை மட்டும் கப்பலேற்றினார்கள். சலித்து விழுந்த பொடி சுரங்க வாசலிலேயே குவியல் குவியலாக எரிந்து வீணானது. வண்டியைக் கவிழ்த்துக் கொட்டாமல் அப்படியே கப்பலுக்குள் இறக்கும் ‘டிராப்’ என்ற பொறியை வில்லியம் சாப்மன் வடிவமைத்ததற்கும் கட்டி உடையக்கூடாது என்பதே காரணம். லண்டன் வந்து விலை படிந்தபிறகு, அதே கட்டியை உடைத்துச் சாக்கில் போடுகிறவருக்கு லாபம். ஒரே நிலக்கரியை ஒரு துறைமுகம் குழந்தைபோல் இறக்கிவைத்தது, இன்னொன்று மண்வாரியால் போட்டு உடைத்தது. இரண்டையும் செய்யவைத்தது ஒரே சால்ட்ரன்.

இடையில் ஒரு பிரபுவும் பிழைத்தார். நியூகாசில் வணிகர் சங்கமான ‘ஹோஸ்ட்மென்’ 1600-ல் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்றபோது சால்ட்ரனுக்கு ஒரு ஷில்லிங் தருவதாக ஒப்புக்கொண்டது. இரண்டாம் சார்ல்ஸ் அந்த ஷில்லிங்கைத் தன் மகன் ரிச்மண்ட் பிரபுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். 1799-ல் அரசு ஆண்டுக்கு 19,000 பவுண்டு தருவதாகச் சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நிலக்கரியைக் கையால் தொடாதவர்களுக்கு அளவை எவ்வளவு நிலையாக இருந்தது பாருங்கள்.

நியூகாசில் சால்ட்ரனுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. அது ஒரு வண்டி. 53 அந்தர் பிடிக்கும், கீழே குறுகிய மரப்பெட்டி, மரத் தண்டவாளத்தில் குதிரை இழுக்கும். கில்லிங்வொர்த் சுரங்கத்தில் அத்தகைய வண்டிகள் ஓடிய தண்டவாள இடைவெளியோடு பழகியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். தன் ரயில்பாதைகளுக்கும் அதையே கொண்டுபோனார், பிறகு அரை அங்குலம் கூட்டினார். 4 அடி 8½ அங்குலம், 1,435 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோ ஓடுவதும் அந்த இடைவெளியில்தான்.

நிலக்கரி மீதான வரியை மத்திய அரசு 1831-ல் ஒழித்தது. ரிச்மண்ட் ஷில்லிங்கும் அதோடு போயிற்று. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் லண்டனில் நிலக்கரியை எடைபோட்டே விற்கவேண்டும் என்றது. நாடு முழுவதற்கும் அது விதியானது 1835-ன் அளவைச் சட்டத்தில். குவித்து அளப்பதும் அந்த ஆண்டுகளிலேயே சட்டத்திலிருந்து நீங்கியது. காற்றை விற்க முடியாமல் போனதும் வியாபாரிகள் தண்ணீரைக் கண்டார்கள். நனைந்த கரி கன அளவில் உப்பியது, எடையில் கனத்தது. இரண்டு முறையிலும் தண்ணீர் விற்பவர் பக்கமே நின்றது. அதற்கு மாற்று, எடையையும் விட்டுவிட்டு வெப்பத்தை அளப்பதுதான். இந்தியாவில் 2012 தொடக்கத்திலிருந்து நிலக்கரியின் தரம் ஒரு கிலோ எத்தனை கிலோகலோரி தருகிறது என்ற கணக்கில், ஜி1 முதல் ஜி17 வரை பிரிக்கப்படுகிறது.

அளவை மாற்றம் கடைசியாக எட்டியது சுரங்கத்தின் அடியில். நில உரிமையாளருக்கு வாடகை கொடுக்க ‘டென்’ என்று ஓர் அளவு இருந்தது. வழக்கமாக 440 போல், ஆனால் குத்தகைக்குக் குத்தகை மாறும். கரி வெட்டுபவரின் கூலியோ ‘கார்ஃப்’ கணக்கு. ஹேசல் குச்சிகளால் பின்னிய கூடைதான் கார்ஃப். வெட்டும் முகத்தில் நிறைத்து அனுப்பிய கூடை, கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி மேலே வருவதற்குள் படிந்து குறையும். குலுக்கினால் அடர்வது கொட்டிய பொருளின் இயல்பு. லண்டனில் உப்பிய அதே நிலக்கரி இங்கே சுருங்கியது. மேலே நின்ற கண்காணிப்பாளர் அளவு குறைகிறது என்று ஒதுக்கினால் அந்தக் கூடைக்குக் கூலி இல்லை. கல் கலந்திருந்தாலும் இல்லை. ஒதுக்கிய கரியை முதலாளி திருப்பிக் கொடுத்துவிடவும் இல்லை, விற்றுக்கொண்டார்.

தொழிலாளிகள் கேட்டது இரண்டு. கூடையை விட்டு எடைக்கு வாருங்கள். தராசுக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும். 1860-ன் சுரங்கச் சட்டம் இரண்டாவதை ஒப்புக்கொண்டது, 1872-ன் சட்டம் எடைக்குக் கூலி என்பதைப் பொது விதியாக்கியது. ‘செக்வெய்மேன்’ என்று அழைக்கப்பட்ட அந்த ஆளுக்குச் சம்பளம் தொழிலாளர்களின் கைக்காசு, ஆகவே அவர் பதில் சொல்லவேண்டியது அவர்களுக்குத்தான், முதலாளிக்கு அல்ல. கணக்குத் தெரிந்தவராக, எதிர்த்துப் பேசத் தெரிந்தவராக, எல்லோரும் நம்பக்கூடியவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்ந்தவர்கள் வேறு வேலைகளுக்கும் பொருத்தமானவர்களாக இருந்ததில் வியப்பில்லை. தெற்கு வேல்ஸின் மார்டி சுரங்கத்தில் தராசருகே நின்றவர்களில் நோவா ஆப்லெட் ஒருவர், ஆர்தர் ஹார்னர் இன்னொருவர். ஹார்னர் 1946-ல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார்.